நூல் கட்டிப் பார்ப்போம்: ஈப்புழுவின் பழுப்பு ஓடும் எக்டைசோனும்

நீல இறைச்சி ஈயின் (கலிஃபோரா) புழு, தன் கடைசித் தோலைக் கழற்றாமல் அதையே கெட்டியான பழுப்பு ஓடாக்கிக்கொள்ளும். அந்த ஓட்டைக் கெட்டியாக்கும் சரக்கு டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து வருகிறது. பூச்சியின் உருமாற்றத்தைத் தூண்டும் ஹார்மோனான எக்டைசோன் ஏறியதும், டோபாவை டோபமைனாக்கும் டோபா டிகார்பாக்சிலேஸ் நொதி பெருகும். டைரோசின் டோபா, டோபமைன் வழியாக என்-அசிட்டைல்டோபமைனாகி, தோல் புரதங்களைப் பிணைக்கும். ஆக, ஹார்மோன் வளர்சிதை மாற்றத்தைத் திருப்பிவிட்டதா என்பதை நிறமே காட்டிவிடும். 1935இல் பூச்சியியலாளர் ஃபிரெங்கல் இந்தப் புழுவின் உடலில்தான் நூலால் இறுக்கிக் கட்டுப் போட்டுப் பார்த்தார்.

படி 1. இரையை விட்டு வெளியேறி அலையும் 35 புழுக்கள் வேண்டும். தோல் வழியே இருட்டாகத் தெரியும் தீனிப்பை காலியாகியிருக்க வேண்டும். ஈரத்தாளில் வைத்திருந்தால் கூடாவது தள்ளிப்போகும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உலர்ந்த டப்பாவுக்கு மாற்றினால் வயது ஓரளவு ஒத்துவரும்.

படி 2. மாற்றிய உடனே 10, ஆறு மணி நேரம் கழித்து 10, பன்னிரண்டு மணி கழித்து 10 எனக் கட்டுங்கள். மீதி 5 கட்டில்லாமல் இருக்கட்டும்.

படி 3. பனிக்கட்டிமேல் பத்து நிமிடம் வைத்தால் புழு அசையாது. கூர்முனைதான் தலை. அகன்ற முனையில் கண்போலத் தெரியும் இரு புள்ளிகள் மூச்சுத்துளைகள். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். முன்னிருந்து மூன்றில் ஒரு பங்கில் மெல்லிய நூலால் இரட்டை முடிச்சு போடுங்கள். மூளையும் எக்டைசோன் சுரக்கும் வளையச் சுரப்பியும் முன்பாதியில் அகப்பட வேண்டும்.

படி 4. உலர்ந்த தாள்மீது 25 டிகிரி செல்சியஸில் வைத்து மறுநாள் பாருங்கள்.

முன்பாதி பழுப்பு, பின்பாதி வெள்ளை என்றால் ஹார்மோன் பரவுமுன் கட்டிவிட்டீர்கள். இரண்டும் பழுப்பென்றால் தாமதம். பின்பாதி மட்டும் பழுத்தால் முடிச்சு தலைக்கு மிக அருகே விழுந்திருக்கும். முடிச்சோரக் கறுப்புக் கோடு காயத்தில் உண்டாகும் மெலனின் என்னும் கருநிறமி, கணக்கில் சேர்க்காதீர்கள். கறுத்து, தொளதொளவென நாறினால் அழுகல்.

வெள்ளைப் பின்பாதியில் எக்டைசோனின் செயல்படும் வடிவமான 20-ஹைட்ராக்சி எக்டைசோன் ஊசி போட்டால் அதுவும் பழுக்கும். ஒரு மைக்ரோகிராமில் நூறில் ஒரு பங்களவே போதும். ஊசித் துளைவழி திரவம் கசிந்தால் அந்தப் புழுவை ஒதுக்கிவிடுங்கள். வெறும் உப்புநீர் செலுத்திய சில புழுக்களும் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பழுத்தது ஹார்மோனாலா, ஊசிக் குத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.