காடிக்கு வாரண்டி இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: சுங்கை சிப்புட்டிலிருந்து

மலேசியாவில் ஈப்போ பக்கம் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு நான் மருமகளாக வந்து ஏழு வருடம் ஆகிறது. பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம். கணவருக்குக் கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை, மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மாமாவை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, காடியைச் சர்விஸுக்கு விடுவது எல்லாம் என் பாடுதான். இங்கே காரைக் காடி என்பார்கள். எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

போன மாதம் செம்பனை (பாமாயில்) ஆலைக்கு வேலைக்கு வந்த ஒரு குடும்பம் புதுக் காடியைக் கோயிலுக்குக் கொண்டுவந்து பூசை போட்டது. தஞ்சாவூர்க்காரர்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் அந்தத் தங்கை என்னிடம், "வாரண்டி இருக்கே அக்கா, அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்றாள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவளிடம் அங்கே நின்றபடி சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

காகித வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு, இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ் மூன்றையும் காடி விற்கிறவர்களே முடித்துக் கொடுப்பார்கள். அதில் நமக்கு அலைச்சல் இல்லை. சாவியோடு ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள், அதைத்தான் படிக்க வேண்டும். என் புத்தகத்தில் ஐந்து வருடம் அல்லது 150,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி என்று போட்டிருக்கிறது. முதல் சர்விஸ் 1,000 கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம். பிறகு 10,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம். "எது முதலில்" என்ற சொல் எல்லா இடத்திலும் இருக்கிறது. எங்களைப் போல வீடு, பள்ளிக்கூடம், பசார் என்று ஓட்டுகிறவர்களுக்கு ஆறு மாதத்தில் 4,000 கூட ஓடாது. "இன்னும் ஓடலையே" என்று தள்ளிப்போட்டால் வாரண்டியில் ஓட்டை விழும். கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், நாள்காட்டியைப் பாருங்கள்.

அப்புறம், நம் ஊரில் முதல் சில சர்விஸ் இலவசம் என்று பழகிவிட்டோம். இங்கே கூலி இலவசம் என்று சொன்னால் எண்ணெயும் ஃபில்டரும் இலவசம் என்று அர்த்தமில்லை. மிஞாக் ஹித்தாம் என்று பில்லில் எழுதியிருந்தால் எஞ்சின் ஆயில். பிரேக் பேட், வைப்பர் ரப்பர் போலத் தேய்கிற சாமான்கள் வாரண்டியில் வராது. பேட்டரிக்குத் தனிக் கணக்கு, குறைந்த காலம். வெளியே அக்சசரி கடையில் பெரிய ஸ்கிரீன் மாட்டி வயரை வெட்டி ஒட்டினால், பின்னால் கரண்ட் சம்பந்தமாக எது கெட்டாலும் அந்த வயரைத்தான் காட்டுவார்கள். ஆசையாக இருந்தால் டீலரிடமே மாட்டிக்கொள்ளுங்கள், காசு கூடினாலும் பரவாயில்லை.

இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு 1,460 வெள்ளி (ரிங்கிட்) செலவு வைத்தது இதில் எதுவும் இல்லை. எந்தக் காடி, எந்தக் கடை என்று எழுதப்போவதில்லை. எங்கேயும் நடக்கக்கூடியதுதான்.

காடி வாங்கி ஒரு வருடம் இருக்கும். இடது பக்கம் முன் சீட்டில் உட்கார்ந்த மாமா, "கால் ஈரமா இருக்கேம்மா" என்றார். மழைச் செருப்பு என்று நினைத்தேன். அடுத்த வாரம் மழையே இல்லை, மிதியடியைத் தூக்கினால் அடியில் கார்பெட் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. சர்விஸ் சமயம் வந்ததால் கொண்டுபோனேன். அங்கே கவுண்டரில் ஒரு தமிழ்த் தம்பி. எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று ஊரிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மலாயில் திக்கித் திணறாமல் நம் பேச்சிலேயே கேட்கலாம். "தம்பி, முன்னால கார்பெட் ஈரமா இருக்குப்பா, கொஞ்சம் பாரு." அவனும் கையை விட்டுப் பார்த்தான். "ஏர்கோன் தண்ணிக்கா, நார்மல்தான். தொடச்சு விட்டுட்டேன்."

ஆறு மாதம் கழித்து மறுபடி ஈரம். அவன் அடியில் படுத்துக் குழாயில் காற்றடித்துவிட்டான். நல்ல பிள்ளை, காசு வாங்கவில்லை. தீபாவளிக்கு அவனுக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது தடவை நான் போனபோது உள்ளே ஒரு புளித்த வாடை. அவன் அங்கே இல்லை, வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டானாம். புதிதாக இருந்தவரிடம் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். தலையாட்டினார். காடியைக் கழுவிக் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் ஏர்பேக் விளக்கு எரிந்தது. எரிந்தது அணையவில்லை.

சீட்டைக் கழற்றிக் கார்பெட்டை உரித்துக் காட்டினார்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு வயர்ச் சொருகி இருக்கும், ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதைப் பிரித்தால் உள்ளே ஊசிகளில் பச்சை பூத்திருந்தது, நம் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைத் துடைக்காமல் விட்டால் ஏறுமே, அந்தப் பச்சை. பக்கத்தில் இன்னும் இரண்டு சொருகிகளும் அப்படியே. சர்விஸ் அட்வைசர் நிமிர்ந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "கெரெத்தா பெர்ணா மாசோ ஆயேர்?" காடி வெள்ளத்தில் மாட்டியதா என்று. வெள்ளத்தில் கெட்டதற்கு வாரண்டி கிடையாது.

இல்லை, இது ஏர்கோன் தண்ணீர், நான் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன் என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. கம்ப்யூட்டரில் என் காடி எண்ணைத் தட்டித் திரையை என் பக்கம் திருப்பினார். மூன்று சர்விஸ், மூன்று ஜாப் ஷீட், அதாவது வேலை விவரம் எழுதும் தாள். மூன்றிலும் "சர்விஸ் பியாசா" என்று மட்டும்தான் இருந்தது. வழக்கமான சர்விஸ். ஈரம் என்ற சொல்லே இல்லை. அந்தத் தம்பி கையை விட்டுப் பார்த்தது, படுத்துக் காற்றடித்தது எதுவும் எழுத்தில் ஏறவில்லை. மூன்றிலும் கீழே என் கையெழுத்து.

தலைமையகத்துக்கும் எழுதிப் பார்த்தேன். அவர்களும் அந்த மூன்று ஷீட்டைத்தான் கேட்டார்கள். கடைசியில் கூலியைத் தள்ளிக் கொடுத்தார்கள், சாமானுக்கு நான் கட்டினேன். ஏர்பேக் வேலை செய்யாத காடியில் பிள்ளையை ஏற்ற மனம் வரவில்லை, அதனால் இழுத்தடிக்கவும் முடியவில்லை.

அன்று சாயங்காலம் மாமாவிடம் சொல்லி அழுதேன். அவர் முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஸ்டோர்ல பால நிறுத்துப் போடுவோம்மா. கிராணி புத்தகத்துல எழுதுறானான்னு எட்டிப் பாத்துட்டுத்தான் வாளியக் கழுவப் போவோம். எழுதலன்னா அன்னிக்கி நீ வெட்டல." படிக்கத் தெரியாதவர்கள்கூட எண்ணை மட்டும் அடையாளம் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்களாம். பிளஸ் டூ படித்த நான் படிக்காமல் மூன்று தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவன் உதவத்தான் பார்த்தான். நம் ஊர்ப் பழக்கம் அது: புளியமரத்தடி மெக்கானிக்கிடம் "அண்ணே, கொஞ்சம் சத்தம் வருது, பாருங்க" என்றால் போதும், நாலு வருடம் கழித்தும் அவருக்கு ஞாபகம் இருக்கும். இங்கே கவுண்டரில் நிற்கிறவர் மாறிக்கொண்டே இருப்பார். வாயால் சொன்னது அவரோடு போய்விடும். அதிலும் தமிழில் சொல்லும்போதுதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் பேசி முடித்ததும் வேலையே முடிந்துவிட்ட மாதிரி மனம் நிறைந்துவிடுகிறது. தமிழில் தாராளமாகப் பேசுங்கள். பேசிவிட்டு, "தம்பி, இத ஷீட்ல எழுதிடுப்பா" என்று சொல்லுங்கள். மலாய்க்காரராக இருந்தால் "தோலோங் துலிஸ்", தயவுசெய்து எழுதுங்கள் என்று அர்த்தம். என்ன எழுத வேண்டும் என்றும் நீங்களே சொல்லுங்கள். ஈரமென்றால் "கார்பெட் பாசா, செபெலா கிரி டெப்பான்", இடது பக்கம் முன்னால் கார்பெட் ஈரம். சத்தமென்றால் "புன்யி". எந்த இடத்தில், எந்த வேகத்தில், காலையில் குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா என்பதும் வேண்டும். காரணத்தை நீங்கள் சொல்ல வேண்டாம். கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்லுங்கள்.

"சோதித்துப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை" என்பார்கள். சரி, அதையும் எழுதச் சொல்லுங்கள். குறை தெரியவில்லை என்று எழுதிய ஷீட்டும் நீங்கள் அந்தத் தேதியில், அந்தக் கிலோமீட்டரில், வாரண்டிக்குள் சொன்னீர்கள் என்பதற்குச் சாட்சி. கையெழுத்துக்கு முன் போனில் ஒரு படம் எடுங்கள். போவதற்கு முந்தின நாளே கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்குக் குறையை எழுதி அனுப்புங்கள், ஈரமான கார்பெட்டின் படத்தோடு. நான் ஈர மிதியடியை வேலியில் காயப்போட்டு எத்தனையோ நாள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லை.

இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஏர்கோன் நிறையத் தண்ணீர் விடும். காடியை நிறுத்தியதும் அடியில் சொட்டுச் சொட்டாக விழுந்து தரை நனைய வேண்டும், அதுதான் சரி. வெளியே சொட்டாமல் உள்ளே ஈரம் என்றால் வடிகிற குழாய் அடைத்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. அது ஐந்து நிமிட வேலை, கார்பெட் நனைந்து வயருக்குப் போகும்வரை விட்டால்தான் பெரிய வேலை. வெள்ளம் என்று யாராவது சொன்னால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டுங்கள். வெள்ளத்தில் நின்ற காடியில் அங்கே சேற்றுக் கறை இருக்கும், ஸ்பேர் டயர்க் குழியில் மண் இருக்கும், இரண்டு பக்கமும் நனைந்திருக்கும். ஏர்கோன் தண்ணீர் ஒரு பக்கம்தான் தேங்கும், மண் இருக்காது. இதைப் பக்கத்து வீட்டுப் பழைய போர்மன் ஐயா எனக்குச் சொன்னார், பணம் கட்டி இரண்டு வாரம் கழித்து. இங்கே மெக்கானிக்கைப் போர்மன் என்பார்கள்.

கடைக்காரர் கடைசிவரை இறங்கி வரவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, திரிபுனால் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். நாமாகவே போய்ப் பேசலாம். நான் போகவில்லை. நடுவர் முன்னால் வைக்க என்னிடம் ஒரு வரிகூட இல்லை என்று பயந்துவிட்டேன். இன்றைக்கென்றால் போயிருப்பேன்.

ஏனென்றால் அடுத்த குறையை நான் விடவில்லை. லிந்தாங் போகும் பக்கம் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஏறி இறங்கினால் முன் இடது சக்கரத்தில் டொக் டொக் என்று ஒரு சத்தம். மாமியாரின் தங்கை அந்தப் பக்கம் இன்னும் லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருக்கிறார், மாதம் ஒரு முறை போவோம். முதல் தடவை எழுத வைத்தேன், "நார்மல்" என்றார்கள். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது தடவை "உட்காருங்கள், ஓட்டிக் காட்டுகிறேன்" என்று அட்வைசரை ஏற்றிக்கொண்டு கடைக்குப் பின்னால் மேடு பள்ளமான தெருவில் போனேன். அவருக்கும் கேட்டது. அப்சோர்பர் மேல் தாங்கியை மாற்றினார்கள், ஒரு காசு கட்டவில்லை. பழைய இரண்டு ஷீட்டையும் பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு மேசை மேல் வைத்திருந்தேன், அதை அவர் கேட்கவே இல்லை.

பெருநாள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹரி ராயா, சீனப் புத்தாண்டு, தீபாவளிக்கு முந்தின வாரங்களில் சர்விஸுக்கு இடம் கிடைக்காது. எல்லாரும் ஊருக்குப் போகுமுன் காடியைப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். அந்த நெரிசலில் போனால் நீங்கள் சொல்வதை எழுத யாருக்கும் நேரமிருக்காது.

நம் ஊருக்கு இரண்டு மாத லீவில் போகிறவர்கள் கிளம்பும் முன் ஆறு மாதக் கணக்கைப் பாருங்கள். காடி வீட்டில் சும்மா நிற்கும் நாட்களும் அதில் சேரும். நான் போன ஏப்ரலில் சர்விஸை முடித்துவிட்டுத்தான் புதுக்கோட்டைக்குப் போனேன். வாரம் ஒரு முறை மாமா காடியை ஸ்டார்ட் செய்து, ஏர்கோனைப் போட்டு, இடது பக்கக் கார்பெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்குக் குரல் அனுப்புவார். "காஞ்சுதாம்மா இருக்கு. தேதிய எழுதி வச்சிருக்கேன்."