பேத்திக்குக் கிரேக்கம் மறக்காமலிருக்க

என் மகன் மெல்பேர்ணில் ஒரு கிரேக்கப் பிள்ளையைக் கலியாணம் கட்டினவன். மருமகள் அங்கேயே பிறந்தவள். அவளுடைய தாய் 1966இல் கலமாத்தா பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து கப்பலேறிப் போனவர். பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. என்னை அப்பம்மா என்பாள், அவரை யாயா என்பாள். கிரேக்கத்தில் பாட்டிக்கு யாயா, தாத்தாவுக்கு பப்பூஸ்.

நான் முள்ளியவளையில் இருக்கிறேன். ஆரம்ப வகுப்புப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பேத்திக்குத் தமிழ் வராமல் போய்விடுமோ என்று நான் இங்கே ஏங்கிக்கொண்டிருக்க, கிரேக்கம் போய்விடுமோ என்று அந்த மனிசி அங்கே ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறா. அது எனக்கு விளங்க நாலு வருசம் எடுத்தது. விளங்கின பிறகு இரண்டு பேரும் சேர்ந்துதான் வேலை செய்கிறோம். உங்கள் பிள்ளைகளும் வேற்றுமொழிக் குடும்பத்தில் சம்பந்தம் செய்திருந்தால், நாங்கள் செய்கிறதை நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில், எந்த ஆளோடு எந்த மொழி என்று உறுதியாக வையுங்கள். யாயாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், அங்கே கடை நடத்தினவர். ஆனாலும் பேத்தியோடு கிரேக்கம் மட்டும்தான். பள்ளியால் வந்ததும் "தி எஃபயெஸ்?" என்பார், என்ன சாப்பிட்டாய் என்று அர்த்தம். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் அவர் கிரேக்கத்திலேயே அடுத்த கேள்வியைக் கேட்பார். எட்டு வயதில் பேத்தி ஏழெட்டு மாதம் ஒரு கிரேக்கச் சொல்லும் பேசவில்லை. யாயா நிறுத்தவில்லை. காதில் விழுந்துகொண்டிருந்தது எல்லாம் உள்ளே சேர்ந்துதான் இருந்திருக்கிறது. பிள்ளை வாய் திறக்கவில்லையே என்று நீங்களும் ஆங்கிலத்துக்கு மாறினால் அந்த வாசல் அடைபட்டுவிடும்.

அந்த மௌனத்துக்குக் காரணமும் இருந்தது. சனிக்கிழமை கிரேக்க வகுப்பொன்றில் பிழையாக வாசித்ததற்கு எழுப்பி நிற்க வைத்திருக்கிறார்கள், மற்றப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு கொதித்தது. 2009இல் முகாமில் கொப்பி, பென்சில் ஒன்றுமில்லாமல் மண்ணில் விரலால் எழுதிப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவள் நான். பிழை விட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க அங்கே ஒருவரையும் நான் விட்டதில்லை.

திருத்துவதற்கு யாயாவிடம் நல்ல வழி இருக்கிறது. கிரேக்கத்தில் கடல், வீடு, கதிரை எல்லாவற்றுக்கும் ஆண்பால், பெண்பால், அலிப்பால் உண்டு. கடல் பெண்பால். பேத்தி "பிகா ஸ்தோ தாலசா", கடலுக்குப் போனேன், என்றாள். அந்த 'ஸ்தோ' பெண்பாலுக்கு வராது, 'ஸ்தி' என்றிருக்க வேண்டும். யாயா பிழை என்று சொல்லவில்லை. முகம் மலர்ந்து, "ஆ, பிகெஸ் ஸ்தி தாலசா!" என்றார். சரியான வடிவத்தைத் தன் பதிலுக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அலை பெரிசா என்று கதையைத் தொடர்ந்தார். நான் தமிழுக்கும் இப்போது இதைத்தான் செய்கிறேன்.

என் பங்கு என்ன என்று கேட்பீர்கள். நான் பேத்தியிடம் கிரேக்கம் படிக்கிறேன். ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்கு வட்ஸ்அப்பில் எடுப்பேன். அவர்கள் நேரம் எங்களைவிட நாலரை மணித்தியாலம் முன்னுக்கு, ஒக்ரோபரிலிருந்து ஏப்ரல் வரை ஐந்தரை. பாதி நேரம் தமிழ். மீதி நேரம் அவள் ரீச்சர், நான் மாணவி, கையில் ஒரு கொப்பி. ஒன்றைப் படிப்பிக்க வேண்டுமென்றால் அதை முதலில் தானே சரிபார்க்க வேண்டும். எனக்குச் சொல்லித்தரவென்றே அவள் யாயாவிடம் ஓடிப்போய்க் கேட்டுவருவாள்.

இருபத்துநாலு எழுத்துத்தான். ஆனால் கண்ணை ஏமாற்றும். ஆங்கில 'P' போல இருப்பது 'ர', சின்ன 'v' போல இருப்பது 'ன'. 'இ' என்ற ஒரே ஒலிக்கு ஐந்தாறு எழுத்துமுறை உண்டு; எழுத்துக்கூட்டலைப் பிந்தி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை அதில் களைத்துவிடும். இன்னொன்று: 1982வரை கிரேக்கத்தில் எழுத்துகளின் மேல் பலவிதக் குறிகள் போட்டார்கள், பிறகு ஒரேயொரு அழுத்தக்குறியாகக் குறைத்தார்கள். யாயா பழைய முறையில் எழுதுகிறவர். அவர் எழுதிய சமையல் குறிப்பைப் பார்த்துப் பேத்தி மிரண்டுபோனாள். குறி கூடினாலும் சொல் அதுதான் என்று முதலே சொல்லிவையுங்கள்.

தமிழ் நாக்குக்கு ஒரு வசதி உண்டு. 'அது' என்னும்போது வருகிற அந்த மெல்லிய 'த' கிரேக்கத்தில் அப்படியே இருக்கிறது. இங்கே என்பதற்கு 'எதோ'. தண்ணீருக்கு 'நெரோ'. நீரும் நெரோவும் ஒன்றென்று நான் துள்ளினேன். மருமகள் தேடிப் பார்த்துச் சொன்னாள், அது புதியது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாம், 'புதுத் தண்ணீர்' என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் 'புது' மட்டும் தண்ணீராக நின்றுவிட்டதாம். உறவில்லாவிட்டாலும் பேத்திக்கு இரண்டு சொல்லும் இனி மறக்காது.

மரியாதைப் பன்மையையும் கவனியுங்கள். எங்கள் நீ, நீங்கள் போல அவர்களுக்கு எஸி, எஸிஸ். வீட்டுக்குள் மட்டும் மொழி கேட்கிற பிள்ளைக்கு எஸிதான் வரும். பேத்தி கோயில் பாதிரியாரையே 'தி கானிஸ்' என்று நலம் கேட்டாள். 'தி கானெதெ' என்று கேட்டிருக்க வேண்டும். ஆகையால் பிள்ளையை வெளி ஆட்களோடும் பேச விடுங்கள். யாயா இப்போது மெல்பேர்ணின் ஓக்லியில் கிரேக்கக் கடைகளுக்கு அவளைக் கூட்டிப்போய், அவளையே சாமான் கேட்க வைக்கிறார்.

எல்லாவற்றிலும் மேலானது கைவேலை. 'ஏதாவது சொல்லு' என்றால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. போன பெரிய வியாழன் (அவர்களுடைய உயிர்த்த ஞாயிறு எங்கள் ஊர்க் கத்தோலிக்கருடையதோடு எல்லா வருசமும் ஒத்துவராது) மூன்று பேரும் சேர்ந்து முட்டைக்குச் சிவப்பேற்றினோம். பேத்தி கட்டளையிட்டாள். "க்ரெமிதி" என்றால் வெங்காயம். தோலை மட்டும் சட்டியில் போட்டேன். "க்ஸிதி", வினாகிரி ஒரு மூடி. தண்ணீர் கருஞ்சிவப்பாகக் கொதித்தது. ஊர்க்கோழி முட்டை நாலை மெதுவாக இறக்கினேன். எடுத்துத் துடைத்து நல்லெண்ணெய் பூசினபோது முதிரை மரத்தின் நிறம். யாயா பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, "கோக்கினோ, கோக்கினோ" என்றார், சிவப்பு, சிவப்பு. ஞாயிறன்று அவர்கள் முட்டையோடு முட்டை முட்டி உடைக்க, நான் என் அயல் வீட்டுப் பெடியனோடு உடைத்தேன். "ஹிரிஸ்தோஸ் அனெஸ்தி" என்று பேத்தி சொல்ல, "அலிதோஸ் அனெஸ்தி" என்று நான் சொன்னேன். கிறிஸ்து உயிர்த்தார், மெய்யாகவே உயிர்த்தார்.

வளர்ந்த பிறகு மொழியைத் தேடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிரேக்கரின் தேசியக் கவி தியோனிசியோஸ் சொலொமோஸ் பத்து வயதில் இத்தாலிக்குப் படிக்க அனுப்பப்பட்டவர். 1818இல் சாகிந்தோஸ் தீவுக்குத் திரும்பியபோது இத்தாலியத்தில்தான் கவிதை எழுதினார். பிறகு உட்கார்ந்து தாய்மொழியைத் திரும்பப் படித்தார். 1823இல் அவர் எழுதியதிலிருந்துதான் அவர்களுடைய தேசிய கீதம் வந்தது.

கடைசியாக, ஒலிப்பதிவு. யாயாவின் ஊர்ப்பேச்சு புத்தகத்தில் இல்லை. மருமகள் கிழமைக்கு ஒருமுறை போனை மேசையில் வைத்து, ஒலிவ் பறித்த கதை, கப்பல் கதை என்று பத்து நிமிசம் பதிகிறாள். திகதியும் என்ன கதை என்பதும் பெயராகப் போட்டு இரண்டு இடத்தில் வைக்கிறாள். ஒரு பிரதி எனக்கும் வருகிறது. என் தாயின் குரல் என்னிடம் இல்லை, இடப்பெயர்வில் எல்லாம் போய்விட்டது. அதனால் யாயாவின் குரலை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.