'ரு'வில் முடிந்தால் போதுமா? ஜப்பானிய வினைச்சொற்களில் சறுக்கும் இடங்கள்

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கிய புதிதில், ஐந்து மணிக்கு வீடு திரும்புவேன் என்று சொல்ல நினைத்து "கோஜி நி உச்சி நி கயெமஸ்" என்றேன். ஆசிரியை, "எதை மாற்றுவீர்கள்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'கயெரு' என்றால் திரும்பிப் போவது. 'கயெரு' என்றால் மாற்றுவதும்தான். முன்னது 'கயெரிமஸ்' ஆகும், பின்னதுதான் 'கயெமஸ்'. நான் இரண்டுக்கும் ஒரே வாய்ப்பாட்டைப் போட்டுவிட்டேன்.

ஜப்பானிய வினைகள் வடிவம் மாறும் விதத்தை வைத்து வகை பிரிக்கப்படுகின்றன. இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்த வகைகளின் பெயர்கள்தான். 'இச்சி' என்றால் ஒன்று என்று முதல் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். அப்புறம் 'இச்சிடான்' வினை என்று கேட்டதும், அதுதான் முதல் வகை என்று கை தானாக எழுதிவிடும். ஆனால் வெளிநாட்டவருக்கான பாடநூல்களில் இச்சிடான் இரண்டாம் வகை. முதல் வகை 'கோடான்', அதாவது ஐந்து! செயலியில் இருக்கும் அகராதி போடும் '1' இச்சிடானைக் குறிக்கும். பாடநூலின் '1' கோடானைக் குறிக்கும். போதாக்குறைக்குப் பழைய இலக்கணத்தில் கோடானின் இடத்தில் 'யொடான்', அதாவது நான்கு. 1946 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் நான்கு ஐந்தானது. ஆகவே எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள். அந்த எண் எதை எண்ணுகிறது என்று பாருங்கள்.

'டான்' என்பது படிக்கட்டின் தட்டு மாதிரி. 'யொமு' (வாசி) என்ற வினையை எடுத்துக்கொள்வோம். வாசிக்க மாட்டேன் 'யொமநை', வாசிப்பேன் 'யொமிமஸ்', வாசிக்க 'யொமு', வாசித்தால் 'யொமெபா', வாசிப்போம் 'யொமோ'. ம, மி, மு, மெ, மொ என்று ஐந்து தட்டிலும் கால் வைக்கிறது. அதனால்தான் கோடான். 'தபெரு' (சாப்பிடு) அப்படி ஏறி இறங்காது: தபெநை, தபெமஸ், தபெரெபா. 'பெ' நகரவே இல்லை. ஒரே தட்டு, இச்சிடான். நமக்கு இது சுலபமாகப் பிடிபட வேண்டும். ஜப்பானிய உயிரொலி வரிசையும் அ, இ, உ, எ, ஒதான். பௌத்தத் துறவிகள் படித்த சமஸ்கிருத எழுத்துமுறையின் தாக்கம் அது.

இனி அந்த 'ரு'. ஆங்கில வழிப் பாடங்கள் இச்சிடானுக்கு 'ரு வினை' என்று பெயர் வைத்துவிட்டதால், 'ரு'வில் முடியும் எல்லாமே அந்தப் பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். 'ரு'வுக்கு முன்னால் அ, உ, ஒ ஒலி வந்தால் அது கோடான்தான்; 'சுரு' (செய்), 'குரு' (வா) இரண்டும் தனி ரகம். இ அல்லது எ வந்தால் பெரும்பாலும் இச்சிடான். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லில்தான் ஆபத்து. ஹைரு (நுழை), ஹஷிரு (ஓடு), ஷிரு (அறி), ஷபெரு (பேசு), சுபெரு (வழுக்கு) எல்லாம் பார்க்க இச்சிடான், நடப்பில் கோடான். தினமும் வாயில் வரும் சொற்கள் என்பதால் இவற்றைத் தனியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. 'ஷிரு'வை இச்சிடானாக நினைத்தால் 'ஷித்தே' (அறிந்து) என்பது 'ஷிதே' ஆகிவிடும். அது 'சுரு'வின் வடிவம். தெரியுமா என்று கேட்கப்போய், செய்துகொண்டிருக்கிறீர்களா என்று கேட்டிருப்பீர்கள்.

ஒரே ஒலி, இரண்டு வகை என்பது நமக்குப் புதிதல்ல. பாடம் படித்தான், தூசி படிந்தது, இரண்டும் 'படி'தான். அங்கே 'கிரு' அப்படி: வெட்டு என்றால் கோடான், உடுத்து என்றால் இச்சிடான். ஒரு துணியைக் காட்டி 'கித்தே' என்றால் வெட்டு, 'கிதே' என்றால் போட்டுக்கொள். எழுத்தில் கான்ஜி, அதாவது சீன எழுத்து, வேறு என்பதால் குழப்பம் இல்லை, பேச்சில்தான் மாட்டிக்கொள்வோம்.

இன்னொரு பழக்கம், சொற்களை 'மஸ்' என்று முடியும் மரியாதை வடிவத்தில் மட்டும் படிப்பது. இகிமஸ் (போவேன்), ஒகிமஸ் (எழுவேன்) இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். அடிச்சொல்லைப் பார்த்தால் ஒன்று 'இகு', மற்றது 'ஒகிரு'. அகராதி வடிவத்தையும் எதிர்மறையையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்: ஒகிரு–ஒகிநை, ஷிரு–ஷிரநை. எதிர்மறையில் 'ர' எட்டிப் பார்த்தால் கோடான். இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

ஜிடோஷி, தடோஷி என்ற குறிப்புகளை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை நம்முடைய செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை; வேறு கணக்கு. கதவு தானாகத் திறப்பது 'அகு', நாம் திறப்பது 'அகெரு'. இதைப் பார்த்துவிட்டு 'எரு' என்றாலே குன்றா வினை என்று முடிவு கட்டுபவர்கள் 'கிரெரு'வில் (அறுந்துபோ) தடுக்கி விழுவார்கள்.

கடைசியாக 'இரு'. ஆள் இருப்பதைச் சொல்லும் சொல், அச்சு அசல் தமிழ் மாதிரி ஒலிக்கும். பழைய வடிவம் 'விரு', அதனால் உறவு கொண்டாட அவசரப்பட வேண்டாம். அது இச்சிடான், 'வேண்டும்' என்ற பொருளில் வரும் இன்னொரு 'இரு' கோடான். கடையில் பை வேண்டுமா என்று கேட்கும்போது 'இநை' என்று சொன்னால், பை வேண்டாம் என்று ஆகாது. யாரோ ஆள் இல்லை என்று சொன்னதாக ஆகும்.