பழைய லேப்டாப் கொதிக்கிறதா?

ஐந்தாறு வருடம் ஓடிய லேப்டாப் சூடானால் உடனே கூலிங் பேட் வாங்க ஓடாதீர்கள். முதலில் தூசியைப் பாருங்கள். வெளியே தெரியும் ஓட்டையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. உள்ளே ஃபேனுக்கும், செம்புக் குழாய் முடிகிற மெல்லிய தகடுகளுக்கும் நடுவில்தான் கம்பளித் துண்டு போலப் படிந்து காற்றை அடைத்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் இன்னும் உள்ளேதான் போகும். அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டுச் சின்ன பிரஷ்ஷால் வழித்தெடுங்கள். ஊதுவதானால் ஃபேன் சுழலாமல் ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

அப்புறமும் சூடு குறையவில்லையா? பிராசஸர் மேல், அதன் சூட்டைக் கடத்திவிடத் தடவிய தெர்மல் பேஸ்ட் என்ற பசை காய்ந்திருக்கலாம். கடையில் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

கழற்றவே பயம் என்றால், விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' 100 என்றிருப்பதை 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் பழைய இன்டெல் லேப்டாப்புகளில் அதோடு டர்போ பூஸ்ட் (தேவைப்படும்போது பிராசஸர் வழக்கத்தைவிட வேகமாக ஓடும் வசதி) நின்றுவிடும், சூடும் நன்றாக இறங்கும். யூடியூப், வேர்டு வேலைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது; வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்குச் சரிப்படாது. மெத்தை மேல் வைத்துப் படம் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள், காற்று இழுக்கும் வழி பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது.