கொல்லையில் அணிலும் குருவியும் வர வேண்டுமா? தண்ணீர்த் தட்டிலிருந்து தொடங்குங்கள்

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண்ணும் ஒரு முருங்கையும் இருந்தால் போதும், பறவை பார்க்கலாம். காடு, மலை, சரணாலயம் எதுவும் வேண்டாம். பலர் இதைத் தீனியிலிருந்து தொடங்குகிறார்கள். கடையில் ஒரு கிலோ கம்பு வாங்கி மாடியில் இறைக்கிறார்கள். மாடப்புறாக் கூட்டம் மட்டும் வந்து தின்றுவிட்டுப் போகிறது. கொஞ்ச நாளில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். வரிசையை மாற்றிப் பாருங்கள்: முதலில் தண்ணீர், அடுத்து செடி கொடி, கடைசியாகக் கொஞ்சமே கொஞ்சம் தீனி. காவிரி டெல்டாப் பக்கத்துக் கொல்லை ஒன்றை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியில் நீங்கள் எங்கே இருந்தாலும் பெரும்பாலும் இதே ஆட்கள்தான் வருவார்கள்.

1. தண்ணீர்த் தட்டு

தானியம் தின்னாத பறவைகள் ஏராளம். தண்ணீர் வேண்டாத பறவை கிடையாது. அதனால்தான் தண்ணீர் முதலில்.

பூந்தொட்டிக்கு அடியில் வைப்பார்களே, அந்த அகலமான மண் தட்டு இதற்கு மிகவும் பொருத்தம். குயவரிடம் வாங்கினால் விலை குறைவு, சொரசொரப்பாக இருப்பதால் காலும் வழுக்காது. ஆழம் 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும்படி ஒரு கல்லை வையுங்கள். சின்னக் குருவிகள் அதில் இறங்கி நின்று குடிக்கும், குளிக்கும். தவறி விழுந்த தேனீ ஏறிப் பிழைக்கவும் அந்தக் கல் உதவும். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரம் வேண்டாம். சித்திரை வெயிலில் தண்ணீர் கொதித்துவிடும்.

இடம் முக்கியம். நிழல் வேண்டும். பக்கத்தில் ஏறி உட்கார ஒரு கிளை வேண்டும். ஆனால் அடர்ந்த புதர் தட்டை ஒட்டி இருக்கக் கூடாது, ஆறடியாவது தள்ளி இருக்கட்டும். பூனை பதுங்குவது அங்கேதான். குளித்து இறகு நனைந்த பறவையால் சட்டென்று பறக்க முடியாது. அந்த ஆறடி இடைவெளிதான் அதற்குத் தப்பிக்க நேரம் தரும். கொல்லையில் பூனை நடமாட்டம் அதிகம் என்றால் தட்டைத் தரையில் வைக்காமல் கொடிக்கம்பியிலோ கிளையிலோ உறி கட்டித் தொங்கவிடுங்கள். கயிறு சணலோ தேங்காய் நாரோ இருக்கட்டும். நைலான் நூலும் தூண்டில் நரம்பும் கால் விரலில் சுற்றி அறுத்துவிடும்.

தினமும் காலையில் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். வாரத்தில் இரண்டு முறையாவது தட்டைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். சோப்புத் தேவையில்லை. டெங்கு பரப்பும் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஓரச் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேய்த்தால்தான் போகும். பறவைக்குத் தண்ணீர் வைப்பதால் கொசு வருகிறது என்று பக்கத்து வீட்டில் யாராவது சொன்னால், தேய்த்துக் கழுவுகிற வழக்கம்தான் அதற்குப் பதில்.

புதுத் தட்டை வைத்ததும் யாரும் வரமாட்டார்கள். சில நாள் பொறுங்கள். முதலில் காக்காதான் வரும், வந்து எங்கோ எடுத்த காய்ந்த ரொட்டியை உங்கள் தட்டில் முக்கித் தின்னும். வரட்டும். காக்கா தைரியமாகக் குடிப்பதைப் பார்த்துத்தான் மைனாவும் தவிட்டுக்குருவியும் இறங்கும்.

2. செடிதான் நிரந்தரச் சாப்பாடு

சிட்டுக்குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். தேன் குடிக்கிற தேன்சிட்டும் குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டும். கொல்லையில் பூச்சி மருந்து அடித்துவிட்டு மண் தட்டில் தினை வைப்பதில் அர்த்தமே இல்லை. முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தால் வீட்டுச் சுவருக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், மருந்து வேண்டாம். ஒரு மூலையில் சருகைக் கூட்டி அள்ளாமல் விடுங்கள். தவிட்டுக்குருவிக் கூட்டம் அந்தச் சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்குவதைப் பார்க்க அதுதான் வழி.

தேன்சிட்டுக்குச் செம்பருத்தி, இட்லிப்பூ, மாதுளை, கல்வாழை. இவற்றில் ஒன்று இருந்தாலும் வரும். சர்க்கரைத் தண்ணீர் கலந்து தொங்கவிடுவது நம் வெயிலில் புளித்துப்போகும், வேண்டாம். வாழை குலை தள்ளினால் அந்தப் பூவுக்கும் தேன்சிட்டு வரும், அணிலும் வரும். முருங்கைப் பூவும் அப்படித்தான்.

ஒரே ஒரு மரம் வைக்க இடம் இருக்கிறது என்றால் தேன்பழ மரம் வையுங்கள் என்பேன். சில ஊர்களில் சர்க்கரைப்பழம் என்பார்கள். இந்த மண்ணின் மரம் இல்லைதான், அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. ஆனால் ஓரிரு வருடத்திலேயே காய்க்கத் தொடங்கி ஏறக்குறைய ஆண்டு முழுதும் பழம் தரும். கொண்டைக்குருவி, குயில், குக்குறுவான், அணில், இரவில் வௌவால் என்று எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

3. தீனி: கைப்பிடி அளவு, காலையில் மட்டும்

வெட்டவெளியான ஒரு மரப்பலகையோ அகலத் தட்டோ போதும். தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கட்டும். காலையில் ஒரு கைப்பிடி கம்பு, தினை அல்லது நொய் அரிசி வையுங்கள். பச்சரிசி வயிற்றில் ஊதிப் பறவை செத்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு, அது உண்மையில்லை. வயலில் நெல்லைத் தின்கிற குருவிகள்தானே இவை. நெற்கதிரைக் கொத்தாகக் கட்டி வாசலில் தொங்கவிடும் நம் ஊர் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. சிட்டுக்குருவியும் சில்லையும் கதிரில் தொங்கி உமியை உரித்துத் தின்னும். கனமான மாடப்புறாவால் அதில் தொங்க முடியாது. புறாத் தொல்லை உள்ள நகரத்தில் பலகைத் தீனியை விட்டுவிட்டு, கதிர்க் கொத்து மட்டும் கட்டுங்கள். புறா எச்சத்தின் தூசி சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையைக் கொண்டுவரும், அதனால் இதைச் சும்மா விட முடியாது.

பழம் தின்கிற பறவைகளுக்குப் பாதி கொய்யாவையோ ஒரு துண்டு பப்பாளியையோ கிளையில் முறிந்த குச்சி முனையில் குத்தி வையுங்கள். வாழைப்பழமும் சரி.

மத்தியானத்துக்குள் தின்று தீர்க்கிற அளவுதான் வைக்க வேண்டும். மிச்சம் இருந்தால் மறுநாள் அளவைக் குறையுங்கள். இரவில் கிடக்கும் தானியம் எலியைக் கூப்பிடும், எலி பாம்பைக் கூப்பிடும். நாலு நாள் ஊருக்குப் போகிறோமே, பட்டினி கிடக்குமே என்று கவலைப்பட வேண்டியதில்லை. கைப்பிடி அளவு வைக்கிற வீட்டை நம்பி எந்தப் பறவையும் உட்கார்ந்திருக்காது. ஆனால் கோடையில் தண்ணீரை மட்டும் யாரிடமாவது சொல்லி நிரப்பச் சொல்லிவிட்டுப் போங்கள்.

வைக்கவே கூடாதவை: மிக்சர், முறுக்கு, சிப்ஸ், உப்புப் போட்ட கடலை, ஊறுகாய் பட்ட சோறு. அவ்வளவு உப்பைச் சின்ன உடம்பு தாங்காது. பால் வேண்டாம், பறவைக்குச் செரிக்காது. பிஸ்கட்டும் ரொட்டியும் வயிற்றை நிரப்பும், சத்து இல்லை. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையைக் கண்டிப்பாகத் தவிருங்கள், அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். நமக்கு ஆகாத கடலை அணிலுக்கும் ஆகாது. காக்காவுக்குச் சோறு வைக்கிற வீடுகளில் அதை நிறுத்தச் சொல்லவில்லை. உப்பில்லாத சோறு ஓர் உருண்டை, மிச்சத்தைப் புளிக்கும் முன் எடுத்துவிடுங்கள்.

4. அணிலுக்குத் தனி இலை

அணிலும் குருவியும் ஒரே பலகையில் தின்றால் அணில்தான் ஜெயிக்கும். விரட்டாதீர்கள், கொல்லையின் இன்னொரு மூலையில் அதற்கென்று ஓரிடம் ஒதுக்குங்கள். கொஞ்சம் தேங்காய் ஒட்டிய கொட்டாங்கச்சி ஒன்றைக் கிளையில் கட்டிவிட்டால் நெடுநேரம் அதோடு இருக்கும். அணிலின் முன்பற்கள் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை, எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும். கொறிக்க ஏதும் இல்லாவிட்டால் அது ஒயரைக் கடிக்கும். தோலோடு இரண்டு மூன்று வறுக்காத வேர்க்கடலை வையுங்கள். முன்னங்கால்களில் பிடித்து உருட்டி உரிப்பதைக் கண் எடுக்காமல் பார்ப்பீர்கள்.

கையில் வைத்து மட்டும் ஊட்டாதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும். மனிதக் கைக்குப் பழகிய அணில் அடுத்த வீட்டுக்காரர் கையையும் பூனையையும் நம்பிவிடும்.

நம் பக்கத்து அணிலின் முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகள். வட இந்தியாவில் ஐந்து கோட்டு அணில் தனி இனம். இது சைவம் என்று நினைத்துவிட வேண்டாம், பூச்சி தின்னும், சில நேரம் குருவி முட்டையையும் எடுக்கும். அதுவும் கொல்லையின் கணக்கில் சேர்ந்ததுதான்.

5. உட்கார்ந்து பார்ப்பது

இதுதான் இந்தக் காரியத்தின் உயிர். விடிந்து இரண்டு மணி நேரம், மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை. தட்டிலிருந்து பதினைந்தடி தள்ளி, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி உட்காருங்கள். பளிச்சென்ற உடை வேண்டாம். கையை ஆட்டாமல் இருந்தால் பத்து நிமிடத்தில் உங்களை மறந்துவிடுவார்கள். பைனாகுலர் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது 8x42 என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், வெளிச்சமும் நன்றாக இருக்கும். அதிகப் பெருக்கம் உள்ளதை வாங்கினால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

முதலில் பெயரைத் தேடாதீர்கள். என்ன செய்கிறது என்று பாருங்கள். தரையில் தாவித் தாவிப் போகிறதா, நடந்து போகிறதா? தனியாகவா, கூட்டமாகவா? சாம்பல் பழுப்பு நிறத்தில் ஏழெட்டுப் பேராக வந்து ஓயாமல் கீச்சிட்டால் தவிட்டுக்குருவி. தலையில் கறுப்புக் கொண்டை, வாலடியில் சிவப்பு என்றால் கொண்டைக்குருவி. மரத்துக்குள்ளிருந்து டங் டங் என்று ஒரே சீராகச் சத்தம் வந்து ஆளைக் காணவில்லை என்றால் குக்குறுவான், மொட்டைக் கிளையின் உச்சியில் தேடுங்கள்.

அப்புறம் காது. கொல்லையின் காவல்காரன் அணில். வாலைத் துடிக்கத் துடிக்க ஆட்டிக்கொண்டு ஒரே இடத்தைப் பார்த்து இடைவிடாமல் கத்தினால், அதன் பார்வை போகும் இடத்தில் பூனையோ கீரியோ பாம்போ இருக்கும். தவிட்டுக்குருவிகளும் சேர்ந்துகொண்டால் சந்தேகமே வேண்டாம், குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இதற்கு மாறாக எல்லாச் சத்தமும் சட்டென்று அடங்கினால் மேலே பாருங்கள், வல்லூறு வந்திருக்கும். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் சமையலறையில் இருந்துகொண்டே கொல்லையில் நடப்பது தெரியும்.

பங்குனி, சித்திரையில் குயிலைக் கவனியுங்கள். கூவுகிற கறுப்புக் குயில் ஆண். பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள் போட்டிருக்கும், பலர் அதை வேறு பறவை என்றே நினைக்கிறார்கள். காக்கா கூடு கட்டியிருக்கும் மரத்தில் ஆண் குயில் வந்து கூவிக் காக்காவை வம்புக்கு இழுப்பதையும், காக்கா அதைத் துரத்துவதையும் பார்த்தால், பக்கத்தில் பெண் குயில் எங்கே என்று தேடுங்கள். முட்டையிடச் சமயம் பார்த்துக் காத்திருக்கும். தவிட்டுக்குருவிகள் தங்களைவிடப் பெரிய குஞ்சு ஒன்றுக்கு ஊட்டிக்கொண்டிருந்தால், அது அவற்றின் குஞ்சு அல்ல. சுடலைக்குயில் போன்ற குயிலினம் ஒன்று இட்ட முட்டையிலிருந்து வந்தது.

6. குஞ்சு கீழே கிடந்தால்

தண்ணீரும் மரமும் உள்ள கொல்லையில் இது ஒருநாள் நடந்தே தீரும். உடம்பெல்லாம் இறகு முளைத்து, தத்தித் தத்தி நடந்தால் அது பறக்கப் பழகும் குஞ்சு. தாய் அருகில்தான் இருக்கும். பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு நீங்கள் விலகிப் போங்கள். இறகே இல்லாத குஞ்சு என்றால் கூட்டைத் தேடித் திரும்ப வையுங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது தவறு. அணில் குட்டியானால் ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் பருத்தித் துணி போட்டு, விழுந்த மரத்தின் அடியில் வையுங்கள். தாய் வாயில் கவ்வித் தூக்கிப் போகும். பசும்பால் ஊட்டாதீர்கள். அடிபட்டிருந்தால் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ கொடுங்கள். வளர்க்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

7. எழுதி வையுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், வெயிலா மழையா, யார் வந்தார், எத்தனை பேர், என்ன செய்தார். ஐப்பசி வாக்கில் கவனமாக இருங்கள். இமயமலை அடிவாரப் பக்கத்திலிருந்து ஆறுமணிக் குருவி அப்போதுதான் தெற்கே வரும். பச்சை முதுகு, நீலத் திட்டு, அடிவயிற்றில் சிவப்பு, கட்டை வால். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுக்கும். பறந்து களைத்துச் சில நேரம் வீட்டுக்குள்ளேயே வந்து விழும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டான இடத்தில் சில மணி நேரம் ஓய்வாக விட்டுவிட்டு, பகல் வெளிச்சம் இருக்கும்போதே செடி மறைவில் திறந்துவிடுங்கள்.

நோட்டில் கொஞ்சம் பழகியபின், பார்த்த பறவைகளைப் பதிந்து வைக்கும் ஈபேர்ட் செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். பெயர் தெரியாவிட்டால் மெர்லின் செயலி குரலைக் கேட்டும் படத்தைப் பார்த்தும் ஊகம் சொல்லும். அதை அப்படியே நம்பாமல் கண்ணால் சரிபாருங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, பிப்ரவரியில் உலக அளவில் கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து, கண்ட பறவை அத்தனையையும், காக்கா மைனா உட்பட எண்ணி ஈபேர்ட்டில் பதிய வேண்டும். அரிய பறவையை மட்டும் பதிந்துவிட்டுக் காக்காவை விட்டுவிடாதீர்கள். சிட்டுக்குருவி எங்கே குறைந்தது, எங்கே திரும்பி வந்தது என்று அறிவது இப்படி எல்லோரும் எல்லாவற்றையும் எண்ணி வைத்த பட்டியல்களிலிருந்துதான்.