ஃபுல் ஃபிரேம் வாங்கியவர்கள் கிராப் மோடில் செய்யும் தவறுகள்

முகூர்த்த சீசன் வந்தால் எங்கள் டீமில் புதுப் பையன்கள் சேர்வார்கள். பாதிப் பேர் கையில் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமரா இருக்கும். பேட்டரி சார்ஜ் போடாதது, கார்டை மறந்தது எல்லாம் இங்கே வேண்டாம். அதை முதல் கல்யாணமே கற்றுக்கொடுத்துவிடும். எங்கள் செட்டில் எல்லோரும் ஒரு காலத்தில் செய்து, இப்போது இவர்களும் அப்படியே செய்கிற சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பழைய லென்ஸோடு பாடியை மட்டும் மாற்றுவது

சோனி ஏ7 மார்க் 3 கேமராவுக்கு 24 மெகாபிக்சல். அதில் ஏபிஎஸ்-சி லென்ஸ், அதாவது சிறிய சென்சாருக்கான லென்ஸ் மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதிதான் வேலை செய்யும். இதுதான் கிராப் மோடு. கிடைப்பது 10 மெகாபிக்சல். அதே லென்ஸ் சிறிய சென்சார் கொண்ட பழைய ஏ6000-இல் 24 தந்துகொண்டிருந்தது. கடன் வாங்கிப் பாடி மாற்றியது இதற்கா? கை இறுக்கமாக இருந்தால் பாடி காத்திருக்கட்டும். முதலில் 85 எம்எம் எஃப் 1.8 மாதிரி ஒரு ஃபுல் ஃபிரேம் லென்ஸ் வாங்குங்கள், பழைய பாடியிலும் ஓடும்.

கிராப் போட்டால் லென்ஸ் நீளும் என்று நம்புவது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். 85 எம்எம் 128 ஆகிவிடுமாம். லென்ஸ் அப்படியேதான் இருக்கிறது. 36×24 மில்லிமீட்டர் சென்சாரில் ஓரங்களை விட்டுவிட்டு, நடுவில் ஏறக்குறைய 24×16 மட்டும் கார்டில் பதிவாகிறது, அவ்வளவுதான். இதையே வீட்டில் லைட்ரூம் எடிட்டிங் சாஃப்ட்வேரில் செய்யலாம். பிடிக்காவிட்டால் ஓரத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். கேமராவில் வெட்டியது போனது போனதுதான். ரா ஃபைலிலும் இருக்காது.

போன வைகாசியில் ஒரு கல்யாணம். வீடியோக்காரர்கள் மேடையை மறைத்து நிற்க, பக்கவாட்டில் இருந்த பையன் நெருக்கம் போதவில்லை என்று பட்டனைத் தட்டி கிராப்புக்குப் போய்விட்டான். வெட்டிய பகுதியே வியூஃபைண்டர் முழுக்க நிறைந்து தெரியும். திரையில் ஒரு சின்னக் குறி மட்டும் வரும். கெட்டிமேளச் சத்தத்தில் அதை யார் பார்ப்பது? தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் கை இருக்கிறது, பெண்ணின் குனிந்த தலை இருக்கிறது. பின்னால் நின்று முடிச்சுப் போட்ட நாத்தனாருக்கு விரல்கள் மட்டும்தான், முகம் இல்லை. ஆல்பத்தைப் பார்த்து அவர், "என் முகம் எங்கேண்ணா?" என்றார். என்ன பதில் சொல்வது?

அந்தப் பையன் மோடை மாற்றவும் மறந்துவிட்டான். வரவேற்பில் குரூப் போட்டோவுக்கு 35 எம்எம் மாட்டி, இடம் பத்தலை, இடம் பத்தலை என்று பின்னால் நகர்ந்து நாற்காலி வரிசையில் முட்டினான். அப்போதுகூடப் பிடிபடவில்லை.

அப்புறம் பிரிண்ட் கணக்கு. 12×36 அங்குல ஆல்பத்தில் ஒரே படத்தை இரு பக்கமும் விரித்தால், முழு ஃபிரேமின் 6000 பிக்சலில் அங்குலத்துக்கு 166 வரும். கிராப்பில் இருப்பது 3936. அங்குலத்துக்கு 110 கூடத் தேறாது. பட்டுச்சேலையின் ஜரிகை குழைந்து நிற்கும்.

அந்தப் பட்டனிலிருந்து கிராப்பை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஃபுல் ஃபிரேம் லென்ஸ் மட்டுமே வைத்திருப்பவர்கள் மெனுவிலும் ஆஃப் செய்யலாம். 61 மெகாபிக்சல் ஏ7ஆர் மார்க் 5 வைத்துப் பறவை எடுப்பவர்கள் கதை வேறு. கிராப்பிலும் அவர்களுக்கு 26 மிஞ்சுகிறது, ஃபைலும் சிறிதாகிறது.

கேனான் இஎஃப்-எஸ் லென்ஸ்

இது கேனானின் ஏபிஎஸ்-சி லென்ஸ். கேனான் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. மலிவு என்று வாங்காதீர்கள்.

எஃப் நம்பர்

கிராப் போட்டால் எஃப் 2.8 லென்ஸின் வெளிச்சம் குறைந்துவிடும் என்று நம்புகிறார்கள். வெளிச்சத்துக்கு 2.8 எப்போதும் 2.8தான்.

வீடியோவில் கிராப்பைக் கணக்கில் எடுக்காதது

வீடியோவில் கிராப் நல்ல துணைதான், 4கே குறையாத வரை. ஆனால் ஏ7 மார்க் 4-இல் ஸ்லோ மோஷனுக்கான 4கே 60 ஃபிரேம் கிராப்பில் மட்டுமே ஓடும். 24-70 மாட்டினால் 24 எம்எம், 36 போலத் தெரியும். சின்ன மண்டபத்தில் மணவறை முழுசாக அடங்காது. ஸ்லோ மோஷன் கேட்கும் வீட்டுக்குப் போகும்போது 16-35 பையில் இருக்கட்டும்.