10 மீட்டர் பேண்டுக்கு மாக்ஸன் திசை ஆண்டெனா: கம்பியும் மூங்கிலும் போதும்

ஹாம் வானொலியில் (பொழுதுபோக்காளர்களின் வானொலித் தொடர்பு) திசை ஆண்டெனா, அதாவது சிக்னலை ஒரே பக்கமாகக் குவிக்கும் ஆண்டெனா என்றதும் பலர் அலுமினியக் குழாய்களை வரிசையாக அடுக்கிய யாகியைத்தான் நினைப்பார்கள். முதன்முறை கட்டுகிறவருக்கு அதைவிட மாக்ஸன் செவ்வகம் எளிது. லெஸ் மாக்ஸன் (ஹாம் அழைப்புக்குறி ஜி6எக்ஸ்என்) பெயரால் வழங்கும் இதில் இரண்டு எலிமென்ட்தான் (கம்பி உறுப்பு): கேபிள் இணையும் டிரைவன், அதன் பின்னால் சிக்னலை முன்பக்கம் திருப்பும் ரிஃப்ளெக்டர். இரண்டின் வால்களும் (ஓரப் பகுதிகள்) உள்பக்கம் மடங்கி, நுனிக்கு நுனி எதிரெதிரே நிற்கும். வானொலிக் கருவியிலிருந்து வரும் 50 ஓம் கோஆக்ஸ் கேபிளை நேரே இணைக்கலாம்.

10 மீட்டர் பேண்டிலுள்ள 28.4 மெகாஹெர்ட்ஸுக்கு, 14 கேஜ் (2 மி.மீ.) வெற்றுச் செம்புக் கம்பியில் அளவுகள்:

அகலம்: 384 செ.மீ.
டிரைவன் வால்: 57 செ.மீ.
நுனிகளுக்கு இடைவெளி: 11 செ.மீ.
ரிஃப்ளெக்டர் வால்: 72 செ.மீ.

ரிஃப்ளெக்டர் 528 செ.மீ. நீளத்தில் ஒரே துண்டு. டிரைவன் 249 செ.மீ. வீதம் இரண்டு துண்டு, நடுவில் கோஆக்ஸ். முடிச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டு, மிச்சத்தைக் கம்பியோடே திருப்பி முறுக்குங்கள்.

நடுவே பிளைவுட் பலகை வைத்து, நான்கு மூங்கில் கழிகளை எக்ஸ் வடிவில் யூ கிளாம்பால் இறுக்குங்கள். மையத்திலிருந்து மூலைக்கு 204 செ.மீ. கழிகளை 90 டிகிரியில் வைத்தால் செவ்வகம் சதுரமாகிவிடும். குட்டைப் பக்கத்தில் கோணம் 40 டிகிரிதான் வரும். உலோகக் குழாய் கூடாது.

எல்லாவற்றிலும் கவனமாக இருக்க வேண்டியது அந்த 11 செ.மீ. இடைவெளியில். பின்பக்கச் சிக்னல் அடங்குவது இரு நுனிகளுக்கிடையே உள்ள பிணைப்பால்தான். காற்றில் அது மாறாதபடி பிவிசி துண்டாலோ நைலான் கயிற்றாலோ நுனிகளைச் சேர்த்துக் கட்டுங்கள்.

இணைப்பிடத்திலேயே கோஆக்ஸை 11 செ.மீ. விட்டத்தில் 7 சுற்று சுற்றி டேப் ஒட்டுங்கள். இந்தச் சுருள் (சோக்) இல்லாவிட்டால் கேபிளின் வெளிவலையும் கதிர்வீசி, முன்-பின் வித்தியாசத்தைக் கெடுக்கும். வெட்டிய முனையில் மழைநீர் இறங்காமல் அடைக்கவும் மறக்காதீர்கள்.

தரையிலேயே எஸ்.டபிள்யூ.ஆர். (கேபிளும் ஆண்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு, குறைவாக இருந்தால் நல்லது) பார்த்து ஏமாறாதீர்கள், 5 மீட்டர் உயரத்துக்காவது ஏற்றிய பிறகு பாருங்கள். அதன் குறைந்த புள்ளி 27.5 மெகாஹெர்ட்ஸில் விழுந்தால் நுனியை மட்டும் வெட்டாதீர்கள், இடைவெளி கூடிவிடும். எல்லா அளவுகளையும் ஏறத்தாழ 3 சதவீதம் குறையுங்கள். பிளாஸ்டிக் உறையுள்ள வீட்டு வயரில் இப்படி ஆவது சகஜம்.

சிக்னல் டிரைவன் பக்கமாகப் போகும். சென்னையிலிருந்து லண்டனுக்கு வடக்கிலிருந்து வலஞ்சுற்றாக 320 டிகிரி, டோக்கியோவுக்கு 56. உருண்டைப் பூமியைத் தட்டையாக்கிய சுவர் வரைபடத்தில் கோடு போட்டுத் திருப்பினால் தவறும். கற்றை 80 டிகிரி அளவுக்கு அகலமானது என்பதால், மோட்டார் இல்லாமல் கயிறு இழுத்துத் திருப்பினாலே போதும். சிக்னல் அனுப்ப மட்டும் ஹாம் உரிமம் கட்டாயம்.